இளவேனிலும் இரண்டு வாண்டுகளும்

சிறு பிள்ளைகளோடு வெளியே போக எந்தப் பருவம் தோதானது என்று கேட்டால், யோசிக்காமலேயே வசந்த காலம் என்றுதான் பலரும் சொல்வார்கள். குளிர் விட்டுப்போயிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, மரங்கள் துளிர்த்திருக்கும், மாலைப்பொழுது நீண்டுகொண்டே போகும். இதில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வயதை எட்டப்போகும் மகளையும், இப்போதுதான் ஓடக் கற்றுக்கொண்ட மகனையும் வைத்துக்கொண்டு இந்தப் பருவத்தைக் கடக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: வசந்தம் நம்மைச் சாமர்த்தியமாக ஏமாற்றும். கோடை சுட்டு எச்சரித்துவிடுகிறது. குளிர்காலம் மூக்கைத் திருகி எச்சரிக்கிறது. வசந்தம் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இதமாக இருக்கிறதே என்று நாமும் அசந்துவிடுகிறோம்.

முதலில் வெயில். அதைத்தான் இந்த நாட்களில் யாரும் பொருட்படுத்துவதில்லை. தோலைப் பொசுக்குவது புற ஊதாக் கதிர். காற்று குளிர்ந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இல்லை; சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே முக்கியம். வட அரைக்கோளத்தில் ஏப்ரல் 20 வாக்கில் நண்பகல் சூரியன் நிற்கும் உயரமும், ஆகஸ்ட் 22 வாக்கில் நிற்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். தென் அரைக்கோளத்தில் இதே கணக்கு அக்டோபர் பிற்பகுதிக்கும் பிப்ரவரிக்கும் பொருந்தும். ஆகஸ்டில் தொப்பி இல்லாமல் பிள்ளையை வாசல் தாண்ட விடாத அதே பெற்றோர், ஏப்ரலில் காற்று சில்லென்று வீசுகிறது என்பதற்காகச் சும்மா விட்டுவிடுகிறோம். புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரும்பாலான வானிலைச் செயலிகளில் அந்த எண் இருக்கிறது. வெப்பநிலையைப் பார்க்கும்போதே அதையும் பார்த்துவிடலாம்.

செயலி தேவைப்படாத வழி ஒன்றும் உண்டு. அது என் மகளுக்கு மிகவும் பிடித்த விளையாட்டாகிவிட்டது. வெளியே வந்ததும் தரையில் விழும் தன் நிழலைப் பார்ப்பாள். நிழல் தன்னைவிட நீளமாக இருந்தால் விளையாடலாம். குட்டையாக இருந்தால் மர நிழலுக்கு ஓட வேண்டும். சூரியன் 45 டிகிரிக்கு மேல் ஏறிவிட்டால் நிழல் ஆளைவிடக் குட்டையாகிவிடும் என்பதுதான் இதன் சூத்திரம். "அப்பா, உங்கள் நிழல் குள்ளமாகிவிட்டது, தொப்பி எங்கே?" என்று என்னையே அதட்டுகிறாள். அப்படி அதட்ட அவளுக்கு உரிமை உண்டு. பெற்றோர் தலையில் தொப்பி இல்லையென்றால் எந்தப் பிள்ளையும் தொப்பி போட்டுக்கொள்ளாது. சின்னவன் தன் தொப்பியைக் கழற்றி எறிவதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்தான். நானும் மனைவியும் தொப்பியோடு நடக்கத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் அடங்கினான். மூடாத இடங்களில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூச வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பூச்சைவிட நிழலும் மெல்லிய முழுக்கை ஆடையுமே நல்லது.

காரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் நமக்குத் தெரிந்தது கோடைக் கணக்கு. வெளியே 22 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருக்கும் வெயில் நாளில்கூட, மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்துக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. தூங்கும் குழந்தையை எழுப்ப மனம் வராது என்பது உண்மைதான். எழுப்பித்தான் ஆக வேண்டும். குழந்தை வண்டியின்மேல் வெயிலுக்காகத் துணியைப் போர்த்துவதும் இதே வகை ஆபத்துதான். காற்றோட்டம் நின்று உள்ளே புழுங்கிவிடும். வண்டியோடு வரும் குடையை விரியுங்கள், அல்லது வண்டியை நிழலுக்குத் திருப்புங்கள்.

எச்சரிக்கைகள் இருக்கட்டும். இந்தப் பருவத்தில் எங்கள் வீட்டுச் சாகசங்கள் பெரும்பாலும் பூங்காவை அடைவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. பெரியவர்கள் பத்து நிமிடத்தில் நடக்கும் தூரம் அது. சின்னவனோடு போனால் அதற்கு ஒரு காலைப்பொழுதே வேண்டும். வழியில் ஒரு இரும்பு மூடி இருக்கிறது; அதன்மேல் ஏறிக் குதித்தால் டங்கென்று சத்தம் வரும். எறும்புச் சாரை இருக்கிறது. சுவரின் விரிசலில் முளைத்த செடி இருக்கிறது. மழை பெய்திருந்தால் தேங்கிய நீர் இருக்கிறது. தொடக்கத்தில் அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பூங்காவில் சேர்ப்பதே உல்லாசப் பயணம் என்ற எண்ணம் எங்களுக்கு இருந்தது. அந்த எண்ணத்தை மனைவிதான் உடைத்தாள். "அவன் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டான், நீங்கள்தான் இன்னும் வரவில்லை" என்றாள். அன்று முதல் ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், அதுவும் கிட்டாவிட்டால் பாதகமில்லை என்று வைத்துக்கொண்டோம். ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இரும்பு மூடியில் குதிப்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பகல் தூக்கத்துக்கு முன் இருக்கும் கடைசி அரை மணி நேரத்தில் எந்தப் பயணமும் உருப்படாது. எழுந்து, வயிறு நிறைந்து, முகம் தெளிந்திருக்கும் வேளையில் கிளம்ப வேண்டும். இன்னும் விளையாட ஆசை மிச்சமிருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். திரும்ப அழைப்பதற்கும் ஒரு முறை உண்டு. "இன்னும் ஐந்து நிமிடம்" என்றால் ஐந்து வயதுக்கும் புரியாது, இரண்டு வயதுக்கும் புரியாது. "இன்னும் மூன்று முறை சறுக்கிவிட்டுக் கிளம்புகிறோம்" என்றால் புரியும். எண்ணத் தெரியாத சின்னவன்கூட அக்கா எண்ணுவதைக் கேட்டு மூன்றாவதோடு இறங்கி வருகிறான். சில நாட்களில் வருவதில்லை; அப்போது தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான், அதற்கெல்லாம் உத்தி கிடையாது.

சறுக்குமரம் என்றதும் இன்னொன்று. சிறு குழந்தையை மடியில் உட்காரவைத்துக்கொண்டு சறுக்கும் பெற்றோரை எல்லாப் பூங்காக்களிலும் பார்க்கிறேன். பார்க்க அழகுதான், ஆனால் அது பாதுகாப்பானது அல்ல. தனியாகச் சறுக்கும் குழந்தையின் கால் ஓரத்தில் மாட்டினால் அது அப்படியே நின்றுவிடும். மடியில் இருந்தால், பெரியவரின் எடை முழுவதும் சேர்ந்து கீழே தள்ள, மாட்டிய கால் முறுகிக்கொள்ளும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவதற்கு இது மருத்துவர்கள் நன்கறிந்த காரணம். தனியாகச் சறுக்க முடியாத பிள்ளைக்குச் சின்னச் சறுக்குமரம் போதும். நாம் பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளலாம். ஏற்றிவிடும் முன் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். காற்று குளிர்ந்திருந்தாலும் நேர் வெயிலில் கிடக்கும் பரப்பு சுட்டுவிடும்.

குளக்கரைக்குப் போவதென்றால் நானும் மனைவியும் ஒரு ஒப்பந்தத்தோடு போகிறோம். குளம் நிறையத் தலைப்பிரட்டைகள் நெளியும் காலம் இது. மகள் மண்டியிட்டுக் குனிந்தால் எழுந்திருக்க மாட்டாள். தண்ணீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிட்டுக் கையை ஆட்டும் என்பது தவறான எண்ணம். பெரும்பாலும் சத்தமே இருக்காது, சில சென்டிமீட்டர் ஆழமே போதும். இரண்டு பெரியவர்கள் இருந்தால் இரு மடங்கு பாதுகாப்பு என்பதும் உண்மை இல்லை. "அவள் பார்க்கிறாள்" என்று நானும், "அவர் பார்க்கிறார்" என்று அவளும் இருந்துவிடும் அபாயம்தான் அதிகம். ஆகவே பொறுப்பை வாயால் சொல்லிக் கைமாற்றுகிறோம். "இனி நீ பார்" என்று நான் சொல்ல வேண்டும். "சரி, நான் பார்க்கிறேன்" என்று அவள் சொன்ன பிறகே நான் கண்ணை எடுக்கலாம். பார்க்கிறவர் கையில் போன் இருக்கக்கூடாது. முதலில் ஏதோ நாடகம் ஆடுவதுபோல் கூச்சமாக இருந்தது. இப்போது வீட்டுப் படிக்கட்டிலும் அதே வசனம்தான்.

இந்த வசந்தத்தில் எங்கள் வீட்டுப் பெரிய சம்பவம் ஒரு பச்சைப் புழு. தொட்டிச் செடியின் இலையைத் தின்றுகொண்டிருந்ததை மகள் கண்டுபிடித்தாள். உரோமம் இல்லாத புழு என்பதால் அனுமதித்தேன். உரோமம் அடர்ந்த கம்பளிப்பூச்சியைத் தொட்டால் தோல் தடித்து அரிக்கும், அதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வாயகன்ற ஜாடியில் இலையோடு வைத்து, மேலே வலைத்துணி கட்டினோம். வளர்க்க விரும்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், எந்தச் செடியில் புழு இருந்ததோ அதே செடியின் இலையைத்தான் கொடுக்க வேண்டும். பல இனங்கள் வேறு இலையைத் தொடவே தொடாது, பசியால் செத்தாலும் சரி. நாள்தோறும் புது இலை, எச்சத்தைத் துடைப்பது என்று மகள் பொறுப்பாகத்தான் செய்தாள். ஒரு நாள் காலையில் ஜாடி காலியாக இருந்தது. வலைத்துணியின் கட்டு நெகிழ்ந்திருந்தது.

அழுகை என்றால் அப்படி ஓர் அழுகை. நாற்காலிக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், சின்னவனின் வாய்க்குள் (இதைச் சோதித்தே ஆக வேண்டியிருந்தது) எல்லா இடத்திலும் தேடினோம். கூட்டுப்புழுவாக மாறும் முன்பு பல புழுக்கள் தின்பதை நிறுத்திவிட்டு, தோதான இடம் தேடி வெகுதூரம் அலையும் என்று பிறகு படித்தேன். நம் வீட்டுப் புழுவுக்குத் தோதான இடம் திரைச்சீலையின் பின்பக்கமாக இருந்தது. கண்டுபிடித்தவள் மனைவி, திரையைத் துவைக்கக் கழற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அதன்பின் அந்தத் திரையை இழுத்து மூடவும் தடை, திறக்கவும் தடை.

பட்டாம்பூச்சி வெளிவந்த காலையில் மகள் வீரிட்டாள். திரைத் துணியில் செந்நிறக் கறை. இரத்தம் என்று நினைத்துவிட்டாள். கூட்டுக்குள் இருந்தபோது சேர்ந்த கழிவை, வெளிவந்ததும் பட்டாம்பூச்சி திரவமாக வெளியேற்றும். சில இனங்களில் அது சிவப்பாக இருக்கும், அடி எதுவும் படவில்லை என்று சொன்னேன். "அப்படியென்றால் ஒன்றுக்குப் போயிருக்கிறதா?" என்று கேட்டாள். ஏறக்குறைய அதுதான் என்றேன். பயம் அத்தனையும் சிரிப்பாகிவிட்டது. சுருங்கியிருந்த இறகுகள் விரிந்து உலரும்வரை தொடக்கூடாது. அந்த நேரத்தில் தொட்டால் இறகு கோணலாகவே நின்றுவிடும், பிறகு பறக்கவே முடியாது. சின்னவனை அதனிடமிருந்து விலக்கி வைத்ததுதான் அன்றைய என் முழுநேர வேலை.

உயிரினங்களைப் பற்றிப் பேசும்போது குஞ்சுப் பறவைகளையும் சொல்லிவிட வேண்டும். மரத்தடியில் குஞ்சு ஒன்று தத்தித் தத்தி நடந்தால் அதைக் காப்பாற்றத்தான் பிள்ளைகளுக்குத் தோன்றும். உடலில் இறகு முளைத்து, கிளையைப் பற்றும் அளவுக்குக் கால் வலுத்த குஞ்சு என்றால் அது பெரும்பாலும் விழுந்தது அல்ல. பறக்கப் பழகக் கூட்டைவிட்டு இறங்கியது. தாயோ தந்தையோ அருகிலேயே இருக்கும், நாம் விலகினால்தான் இரை கொண்டுவரும். இறகே முளைக்காத குஞ்சு விழுந்து கிடந்தால், கூடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் திரும்ப வைத்துவிடலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று சிறுவயதில் நான் கேட்டிருக்கிறேன். அதில் உண்மை இல்லை.

மனைவிக்கு இந்தப் பருவத்தில் தும்மலும் கண் அரிப்பும் வரும். வீட்டில் எல்லோரும் பழியைப் பூக்களின்மேல் போட்டுக்கொண்டிருந்தோம். வண்ணமும் வாசனையும் உள்ள பூக்கள் பூச்சிகளை அழைப்பவை. அவற்றின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் அதிகம் பறக்காது. தொல்லை கொடுப்பவை காற்றை நம்பி மகரந்தத்தை அனுப்பும் மரங்களும், அவற்றைத் தொடர்ந்து பூக்கும் புற்களும். அவற்றின் பூக்களை நாம் பூ என்றே கவனித்திருக்க மாட்டோம். காய்ந்து காற்றடிக்கும் நாளில் தொல்லை கூடும், நல்ல மழைக்குப் பின் தணியும். ஆகவே திறந்தவெளிப் பயணங்களை மழைக்கு மறுநாள் வைத்துக்கொள்கிறோம். திரும்பியதும் முகம் கழுவி, எல்லோரும் உடை மாற்றிவிடுகிறோம். புல்வெளியில் உருண்டிருந்தால் அப்போதே முழங்கால் மடிப்பு, காதின் பின்புறம், தலைமுடிக்குள் என்று உண்ணி ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். இருந்தால் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். முறுக்கவோ நசுக்கவோ கூடாது.

மழைக்கு மறுநாள் என்றால் தேங்கிய நீர் இருக்கும், நனைவார்கள். நனையட்டும். பிள்ளைகள் குளிரில் நடுங்குவது விளையாடும்போது அல்ல, ஈர உடையோடு திரும்பி வரும் வழியில்தான். மாற்று உடையும் ஒரு துண்டும் பையில் இருந்தால் அது ஒரு பிரச்சினையே இல்லை. பெரியவர்களுக்கும் ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று போனால் தெரியும்.

மாலை வெளிச்சம் நீள்வது நமக்குக் கொண்டாட்டம், பிள்ளைகளின் தூக்கத்துக்குத் திண்டாட்டம். இரவும் பகலும் சமமாகும் மார்ச் 20 அல்லது செப்டம்பர் 22-ஐ ஒட்டிய வாரங்களில்தான் பகலின் நீளம் மிக வேகமாக மாறுகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறீர்களோ அவ்வளவு வேகம். 50 டிகிரி அட்சரேகையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிடம், அதாவது ஒரு வாரத்தில் அரை மணிக்கு அருகில். வெளிச்சம் இருக்கும்வரை தூக்கம் தரும் மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும், சிறு பிள்ளைகளிடம் இன்னும் அதிகமாக. "வெளியே இன்னும் பகல், என்னை ஏன் தூங்கச் சொல்கிறீர்கள்?" என்ற மகளின் வாதத்துக்குப் பதில் சொல்லி வெல்ல முடியாது. கெட்டியான திரையைப் போட்டுவிட்டு, ஒரு மணி நேரம் முன்பே விளக்குகளைக் குறைத்துவிடுகிறோம். (பட்டாம்பூச்சிக் காலத்தில் திரை எங்கள் வசம் இல்லை என்பதால் அந்த நாட்களில் எங்கள் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.) மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் தேவை. அது குறைந்தால் மறுநாள் எந்த உல்லாசப் பயணமும் உல்லாசமாக இருக்காது.

சின்னவனின் இரண்டாவது பிறந்தநாள் வசந்தத்தில் வருகிறது. மரத்தடியில் கொண்டாடினோம். பிள்ளைக்கு எத்தனை வயதோ அத்தனை சிறுவர்களை மட்டும் அழைக்க வேண்டும் என்றொரு பேச்சு உண்டு. உறவும் நட்பும் உள்ள வீட்டில் அது நடக்கிற காரியமா? ஆனால் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் அழைப்பில் எழுதலாம். காலை பத்து முதல் பதினொன்றரை என்று எழுதியதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. சிறு பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் நன்றியே சொன்னார்கள். என் மாமனாருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தோம்: சாலைப் பக்கம் திறந்திருக்கும் வாயிலை விட்டு நகரக்கூடாது. "பேரன் பிறந்தநாளுக்குக் காவல்காரன் வேலையா, மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, நாற்காலியை அங்கேயே போட்டு உட்கார்ந்துகொண்டார். அவரைத் தாண்டி ஒரு பிள்ளையும் போகவில்லை.

வாழ்த்துப் பாட்டை எல்லோரும் உரக்கப் பாடிக் கைதட்டியதும் சின்னவன் மிரண்டு அழுதான். சுற்றி நின்று இத்தனை பேர் ஒரே குரலில் கத்துவதை அந்த வயதில் வாழ்த்து என்று எப்படி எடுத்துக்கொள்வான்? அக்கா மட்டும் காதருகே மெதுவாகப் பாடினாள், அடங்கினான். இனிப்புப் பானம் இருந்த குவளைகளைத் தேனீக்கள் சுற்றின. மூடியுள்ள குவளையும் உறிஞ்சுகுழலும் இருந்தால் வாய்க்குள் கொட்டு வாங்காமல் தப்பிக்கலாம். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே எடுத்துவிட வேண்டும். நகத்தாலா, அட்டையாலா என்று ஆராய்வதைவிட விரைவு முக்கியம். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நேராக அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பலூன் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். வெடித்த பலூனின் துண்டு தொண்டையில் அப்படியே படிந்து மூச்சை அடைத்துவிடும், எடுப்பது மிகக் கடினம். எட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஊதாத பலூனும் அதே அளவு ஆபத்து. பதிலுக்கு வண்ணத் துணி நாடாக்களைத் தாழ்ந்த கிளைகளில் கட்டினோம். காற்றில் ஆடும் நாடாக்களைப் பிடிக்கக் குதித்தே பிள்ளைகள் முக்கால்வாசி நேரத்தைக் கழித்துவிட்டார்கள். மகள் தன் பிறந்தநாளுக்கும் அதே மரம், அதே நாடா, அதே தாத்தா என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள். அவள் பிறந்தது கடும் குளிரில். பாதி வயது கூடும் நாளைக் கணக்குப் பார்த்துக் கோடையில் அரைப் பிறந்தநாள் கொண்டாடலாமா என்று மனைவி யோசித்துக்கொண்டிருக்கிறாள். அது எந்த மாதத்தில் விழும் என்று விரல்விட்டு எண்ணும் வேலை என்னிடம் வந்திருக்கிறது.